ஐபி பிபிஎக்ஸ் விற்கக் கிளம்பி ஏழு மாதம், மூன்றே ஆர்டர். எங்கே கோட்டை விடுகிறேன்?

கோவை_கேபிள் | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருடமாகக் கோவையில் சிசிடிவி, இபிஏபிஎக்ஸ் (ஆபீசுக்குள் போன்களை இணைக்கிற பழைய வகைப் பெட்டி), நெட்வொர்க் கேபிளிங் செய்துவருகிறேன். நானும் இரண்டு பையன்களும்தான் கம்பெனி. சிசிடிவியில் இப்போது ஒன்றும் நிற்பதில்லை. வாடிக்கையாளரே ஆன்லைனில் கேமரா வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டித் தர எவ்வளவு என்று கேட்கிறார். அதனால் இன்டர்நெட் போன் பக்கம் திரும்பினேன். சொந்தக் காசில் டெமோ கிட்டும் வாங்கினேன்: ஒரு ஐபி பிபிஎக்ஸ் (அதே வேலையை நெட்வொர்க் வழியாகச் செய்கிற பெட்டி), நாலு போன், கேபிள் வழியாகவே போனுக்குக் கரண்ட் கொடுக்கிற ஒரு பிஓஇ சுவிட்ச்.

ஏழு மாதத்தில் இருபத்தாறு இடத்தில் டெமோ காட்டிவிட்டேன். மூன்று ஆர்டர். அதில் ஒன்று மச்சான் கடை.

எல்லா இடத்திலும் ஒரே கதைதான். ஐவிஆர் ("ஒன்றை அழுத்தவும்" என்று பேசுகிற தானியங்கிக் குரல்), கால் ரெக்கார்டிங், மொபைலிலேயே எக்ஸ்டென்ஷன், கான்ஃபரன்ஸ் என்று அரை மணி நேரம் காட்டுகிறேன். முதலாளி தலையாட்டுகிறார், காபி வருகிறது, "நல்லா இருக்குங்க, சொல்லி அனுப்பறேன்" என்கிறார். அதோடு சரி. போன வாரம் பீளமேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒருவரிடம் எஸ்ஐபி ட்ரங்க் (இணையம் வழியாக வருகிற போன் லைன்) என்று ஆரம்பித்தேன். "எஸ்ஐபி எல்லாம் எங்க ஆடிட்டர் பார்த்துக்கறாருங்க" என்றார். மியூச்சுவல் ஃபண்ட் விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

மாத பில் இவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டியும் எடுபடவில்லை. பொருள் நல்ல பொருள், வேலையும் சுத்தமாகச் செய்வேன். பேச்சில்தான் ஏதோ இடிக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | திங்கள், இரவு 10:25

தம்பி, கடைசிப் பத்தியிலேயே உங்கள் பதில் இருக்கிறது. "பில் குறையும்." எந்த பில்?

நான் மதுரையில் முப்பது வருடமாக இந்தக் கம்பியோடு மாரடித்தவன். எஸ்டிடிக்கு நிமிடக் கணக்கில் காசு எண்ணிய காலத்தில் "பில் குறையும்" என்ற ஒரு வார்த்தைக்கே முதலாளி நாற்காலியை இழுத்துப் போடுவார். ஆனால் அப்போது சட்டம் விடவில்லை. 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கொடுத்தபோது, கணினியிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், நம் ஊர் போனுக்குப் பேசக்கூடாது என்றுதான் கொடுத்தார்கள். உள்ளூர் எண்ணுக்கும் சேர்த்து முழுசாகத் திறந்துவிட்டது 2018 ஜூனில். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சுக்குக் காசே இல்லை என்று ஆக்கிவிட்டது. கதவு திறந்தபோது பந்தியில் சோறு தீர்ந்துபோயிருந்தது.

இன்றைக்கு முதலாளி சட்டைப் பையில் வரம்பில்லாத பேச்சோடு ஒரு மொபைல் இருக்கிறது. அவரிடம் போய் மாதம் எண்ணூறு ரூபாய் மிச்சம் என்றால் அவர் ஏன் அறுபதாயிரம் செலவழிக்க வேண்டும்? உங்களுக்குப் போட்டி அடுத்த டீலர் இல்லை, அந்த மொபைல்தான். அது செய்யாத எதை நீங்கள் செய்து தருவீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

சந்தேகி | திங்கள், இரவு 10:51

நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றும் செய்து தராது. இருபது பேர் இருக்கிற ஆபீசுக்கு மேசை போன் எதற்கு? வாட்ஸ்அப் குரூப் ஒன்று, ஆளுக்கு ஒரு மொபைல், முடிந்தது கதை. இது டெலிபிரிண்டர் விற்கிற மாதிரி. வேறு தொழில் பாருங்கள்.

திருப்பூர்_ஆபீஸ் | செவ்வாய், காலை 7:15

நான் விற்கிறவள் இல்லை, வாங்கியவள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறேன். சந்தேகி சார் சொன்னதைத்தான் நாங்களும் நான்கு வருடம் செய்தோம். அது எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவர். ஆறு வருடம் இருந்தார், நல்ல பையன். பையர் ஏஜென்ட், நூல் கடை, சாயப்பட்டறை, ஜாப் ஒர்க் யூனிட் எல்லாருக்கும் அவருடைய சொந்த மொபைல் எண்தான் தெரியும். ஒரு நாள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எண்ணும் கூடவே போய்விட்டது. அடுத்த இரண்டு மாதம் எங்களுக்கு வரவேண்டிய அழைப்பெல்லாம் அவருக்குப் போனது. அவர் நேர்மையாக எங்களிடம் திருப்பிவிட்டார். எல்லாரும் அப்படிச் செய்வார்களா? எங்கள் முதலாளிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது, "என் கம்பெனிக்குன்னு ஒரு நம்பரே இல்லையாம்மா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம்தான் ஐபி பிபிஎக்ஸ் வாங்கினோம். மூன்று டீலர் வந்தார்கள். இரண்டு பேர் உங்களைப் போலவே அம்பத்து நாலு வசதி காட்டினார்கள். மூன்றாமவர், "உங்க ஆபீஸ்ல போன் யார் எடுப்பாங்க, அவங்க சாப்பிடப் போனா யார் எடுப்பாங்க?" என்று கேட்டார். அவருக்குத்தான் ஆர்டர் போனது. அவர் விலைதான் மூன்றிலும் அதிகம்.

எனக்கு வேண்டியது மூன்றே மூன்று. நான் இல்லாதபோது யார் கூப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டும். வந்த அழைப்பை உரிய ஆளுக்கு மாற்ற வேண்டும். ஜாப் ஒர்க் யூனிட்காரர் "நீங்க அந்தக் கலர்தான் சொன்னீங்க" என்று சண்டைக்கு வந்தால் போட்டுக் காட்ட ரெக்கார்டிங் வேண்டும். கான்ஃபரன்ஸ் பட்டனை இன்று வரை யாரும் அழுத்தவில்லை.

சந்தேகி | செவ்வாய், காலை 8:02

சரி, எண் யாருடையது என்கிற விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கம்பெனி பெயரில் சிம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

திருப்பூர்_ஆபீஸ் | செவ்வாய், காலை 8:20

வாங்கிக் கொடுத்தோமே. இரண்டு போன் வைத்துக்கொள்ள யாருக்கும் பிடிக்கவில்லை. கம்பெனி சிம் மேசை டிராயரில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

கோவை_கேபிள் | செவ்வாய், காலை 9:05

அக்கா, ஏழு மாதத்தில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. ஆனால் எனக்கு இன்னொரு இடத்தில் முட்டுகிறது. "இருபது வருஷமா இதே 0422 நம்பர். போர்டு, பில் புக், லாரிக் கதவு எல்லாத்திலயும் இருக்கு. இதை மாத்த முடியாது" என்கிறார்கள். எஸ்ஐபி ட்ரங்க் வாங்கினால் புது எண்தானே வரும்?

பழைய_எக்ஸ்சேஞ்ச் | செவ்வாய், காலை 9:48

புது எண்தான் வரும். மொபைலுக்கு இருக்கிற மாதிரி லேண்ட்லைன் எண்ணைக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் கிடையாது. அதே நிறுவனத்திடமே செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினால் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டுப் பார்க்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போனால் பழைய எண் போனதுதான்.

ஆனால் யார் மாற்றச் சொன்னது? உங்கள் பெட்டியில் எஃப்எக்ஸ்ஓ போர்ட் இருக்கும். பழைய லேண்ட்லைனை அப்படியே அதில் சொருகுங்கள். லாரிக் கதவில் இருக்கிற எண்ணுக்கு வருகிற அழைப்பு அந்த வழியாக உள்ளே வரட்டும். வெளியே போவது எதில் வேண்டுமானாலும் போகட்டும். எண்ணை மாற்றச் சொல்கிற டீலரை முதலாளி வாசலோடு அனுப்பிவிடுவார்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பெட்டி அமைப்பில் நாட்டை இந்தியா என்று வையுங்கள். நம் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். பெட்டி அமெரிக்க டோனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டது இதற்குத் தெரியாது. லைன் விடாமல் தொங்கும். மறுநாள் காலை "லைன் பிஸியாவே இருக்குது" என்று உங்களுக்குத்தான் போன் வரும். இரண்டாவது, ஐப்பசி இடி. செம்புக் கம்பி வழியாக இறங்கி எஃப்எக்ஸ்ஓ போர்ட்டைத்தான் முதலில் தின்னும். சர்ஜ் அரெஸ்டர் போடாமல் ஒரு லைனையும் சொருகாதீர்கள். நான் போடாமல் சொருகி, அழுதிருக்கிறேன்.

அப்புறம் ஒரு விற்பனை ரகசியம், இலவசமாகத் தருகிறேன். அந்த லேண்ட்லைன் எண்ணிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கலாம். எஸ்எம்எஸ் வராது, அதனால் "என்னை அழை" என்பதைத் தேர்ந்தெடுத்தால் வாட்ஸ்அப்பே போன் பண்ணி சரிபார்ப்பு எண்ணைச் சொல்லும். அந்த ஐந்து நிமிடம் மட்டும் ஐவிஆரை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் இயந்திரமும் இயந்திரமும் பேசிக்கொண்டிருக்கும். இதைச் செய்து காட்டினால், லாரிக் கதவில் இருக்கும் எண் வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்து முதலாளி முகம் மாறும்.

பாக்கெட்_லாஸ் | செவ்வாய், மதியம் 1:30

சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். விற்பனை தெரியாது. விற்ற பிறகு அழுகிறவர்களைத் தெரியும், அவர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டீலர்கள் எல்லாரும் "நெட் ஸ்பீட் எவ்வளவு" என்று கேட்கிறார்கள். தவறான கேள்வி. ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றுகிற ஒரு முறை) ஒரு அழைப்புக்கு எல்லாம் சேர்த்து ஒரு திசைக்கு விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட். ஜி.729 என்றால் 31 சொச்சம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டைத் தொடாது. 100 மெகாபிட் லைனில் இது கொசு. பிறகு ஏன் குரல் வெட்டி வெட்டி வருகிறது? மாலை ஆறு மணிக்கு டேலி கணக்கு பேக்கப் இணையத்தில் ஏறும். டிசைன் ஃபைல் ஒன்றை யாரோ பையருக்கு அனுப்புவார்கள். அந்த நேரத்தில் குரல் பாக்கெட் (குரலைத் துண்டு துண்டாக அனுப்பும் டேட்டா) வரிசையில் காத்து நிற்கும். மெயில் அரை விநாடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. பேச்சு அப்படி இல்லை. ஒரு பக்கம் வாயிலிருந்து மறுபக்கம் காதுக்கு 150 மில்லிவிநாடிக்குள் போனால் சிக்கல் இல்லை. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

ஆகவே குரலுக்குத் தனி விலான் (ஒரே நெட்வொர்க்கில் பிரித்துவைத்த தனிப் பாதை), ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை. நிர்வகிக்க முடியாத எண்ணூறு ரூபாய் சுவிட்சில் இதைச் செய்ய முடியாது. கொட்டேஷனில் சுவிட்சைக் குறைத்துப் போன் விலையைக் காட்டுகிற வேலையை விட்டுவிடுங்கள். திட்டு போனுக்குத்தான் விழும்.

"நான் பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது எனக்குக் கேக்கல" என்று புகார் வந்தால் முதலில் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்கிற அமைப்பை அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு பாக்கெட்டுக்குள் இருக்கும் முகவரியைத் திருத்திக் குழப்பும் அமைப்பு அது. பத்தில் எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை, ஆனால் ஒருபக்கக் குரல் புகார் என்றால் என் கை முதலில் அங்கேதான் போகும்.

மொபைல் ஆப் எக்ஸ்டென்ஷனைப் பெரிதாகச் சொல்லி விற்காதீர்கள். டெமோவில் அழகாக அடிக்கும். மூன்றாம் நாள் அந்த ஆண்ட்ராய்டு போன் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அழைப்பு வரும், மணி அடிக்காது. ஒவ்வொரு போனிலும் உட்கார்ந்து பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். போன் மாற்றினால் மறுபடியும்.

கரண்ட் விஷயம் தனி. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரே இருட்டானாலும் போன் அடித்தது. இப்போது ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச், பிபிஎக்ஸ் நான்கும் உயிரோடு இருந்தால்தான் மணி அடிக்கும். நான்கையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். போன்களுக்கு பிஓஇ வழியாக அங்கிருந்தே மின்சாரம் போய்விடும். கணினிக்கு யுபிஎஸ் போட்டு, மூலையில் இருக்கிற ஃபைபர் பெட்டியைச் சும்மா சுவரில் சொருகிய ஆபீஸ்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சேலம்_சர்வீஸ் | செவ்வாய், மாலை 4:10

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாஸ்வேர்ட்.

எனக்கே நடந்தது, அதனால் வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒரு வாடிக்கையாளர், மொபைல் ஆப் வெளியூரிலும் வேலை செய்ய வேண்டும் என்றார். அவசரத்தில் 5060 போர்ட்டை (எஸ்ஐபி அழைப்பு வருகிற வாசல்) இணையத்துக்குத் திறந்துவிட்டேன். எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. பொங்கல் விடுமுறை நான்கு நாள் ஆபீஸ் பூட்டு. திறந்து பார்த்தால் எங்கெங்கோ இருக்கிற நாடுகளுக்கு ராத்திரி பகலாக அழைப்பு போயிருக்கிறது. பில் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தப் பக்கம் இருப்பவை அழைப்பு வந்தாலே காசு சேருகிற எண்கள். திருடனுக்கு அதில் பங்கு. பாதியை நான் கட்டினேன். வாடிக்கையாளரும் போனார்.

இப்போது என் வழக்கம்: ஐஎஸ்டி எல்லா எக்ஸ்டென்ஷனிலும் பூட்டு, கேட்கிற ஒருவருக்கு மட்டும் பின் எண்ணோடு திறப்பு. பாஸ்வேர்ட் பெட்டியே உருவாக்குகிற நீளமான ஒன்று. வெளியூரில் இருப்பவர்களுக்கு விபிஎன் (பூட்டிய தனி இணைய இணைப்பு). தவறான பாஸ்வேர்டை நாலு முறை போட்ட முகவரி தானாகத் தடை. இதையெல்லாம் கொட்டேஷனில் ஒரு வரியாக எழுதிக் காசும் வாங்குகிறேன். முதலாளிகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடச் சொல்லி நான் கேட்க வேண்டியதே இல்லை.

ஈஸ்ட்ஹாம் | செவ்வாய், இரவு 11:50

லண்டனிலிருந்து. இங்கே கடை, உணவகம், சின்ன அலுவலகங்களுக்கு இதே வேலை செய்கிறேன். உங்கள் இழையைப் படித்தால் பொறாமையும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

எங்களுக்கு விற்பனையைத் தொலைபேசிக் கம்பெனிக்காரர்களே செய்து கொடுக்கிறார்கள். பழைய செம்புத் தொலைபேசி வலையை மூடப்போகிறார்கள். 2025 டிசம்பர் என்றார்கள், பிறகு 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவிட்டார்கள். 2023 செப்டம்பரிலிருந்தே புதிதாகப் பழைய வகை லைன் விற்பதில்லை. ஆகவே வாடிக்கையாளர் எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும். எண்ணையும் கையோடு கொண்டுபோகலாம். நான் செய்ய வேண்டியது, அந்த லைனில் போனைத் தவிர வேறு என்னென்ன தொங்குகிறது என்று தேடுவதுதான். கார்டு மெஷின், திருட்டு அலாரம், லிஃப்டுக்குள் இருக்கிற அவசர போன். ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கிளம்பினேன். இரவு அலாரம் கம்பெனி, தங்களுக்கு சிக்னல் வரவில்லை என்று கடைக்காரரை எழுப்பிவிட்டது. அந்தத் தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

உங்களுக்குக் கெடு தேதி இல்லை. அதனால் நீங்கள் தேவையைக் கண்டுபிடித்துத்தான் விற்க வேண்டும். அது கடினம். ஆனால் அப்படி விற்ற வாடிக்கையாளர் நிற்பார். என்னிடம் வருகிறவர்கள் மாதம் ஒரு பவுண்டு குறைவென்றால் போய்விடுகிறார்கள்.

கோவை_கேபிள் | புதன், காலை 10:15

எல்லோருக்கும் பெரிய நன்றி. இன்னொரு சந்தேகம். நேற்று ஒரு ஏற்றுமதிக்காரர் அழைத்தார். துபாயில் சின்னக் கிளை இருக்கிறதாம். துபாய் ஆட்கள் இன்டர்நெட் வழியாகக் கோவைப் பெட்டிக்கு வந்து, இங்கிருக்கும் உள்ளூர் லைனில் ஏறித் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களை அழைக்க வேண்டும். "ஐஎஸ்டி காசு மிச்சம்" என்கிறார். தொழில்நுட்பமாகப் பத்து நிமிட வேலை. செய்யலாமா?

பழைய_எக்ஸ்சேஞ்ச் | புதன், காலை 10:22

தொடாதீர்கள்.

பத்து நிமிட வேலைதான். பிறகு பல வருடத்துக்கு அலைய வேண்டிய வேலை. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து உள்ளூர் அழைப்பு மாதிரி இறக்கிவிடுவதைத்தான் சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் என்று பிடிக்கிறார்கள். சிம் பாக்ஸ் (நிறைய சிம் செருகிய பெட்டி) வைத்துப் பிடிபட்டவர்கள் செய்ததும் இதே காரியம்தான், அளவு மட்டும் பெரியது. கால் சென்டர்களுக்கான பதிவு முறையை 2020 நவம்பரில் எடுத்துவிட்டார்கள், 2021 ஜூனில் இன்னும் தளர்த்தினார்கள். "இப்ப எல்லாம் ஃப்ரீ ஆயிடுச்சு சார்" என்று அதை வைத்து சில டீலர்கள் விற்கிறார்கள். தளர்ந்தது அது, இது இல்லை.

துபாய்ப் பக்கமும் சும்மா இல்லை. அங்கே வாட்ஸ்அப் அழைப்பே ஓடாது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் இணையப் பேச்சு. இரண்டு நாட்டுச் சட்டத்திலும் ஒரே நேரத்தில் மாட்ட வேண்டுமா? உரிமம் உள்ள ஆபரேட்டரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பாக்கெட்_லாஸ் | புதன், காலை 11:05

சட்டம் என்று வந்ததால் இன்னொன்று. ரியல் எஸ்டேட், டியூஷன் சென்டர், கடன் ஏஜென்ட் மாதிரி ஆட்கள் "ஒரு நாளைக்கு ஆயிரம் கால் தானா போகணும்" என்று கேட்டு வருவார்கள். ஆர்டர் பெரிதாக இருக்கும், கை துறுதுறுக்கும். பதிவு செய்யாமல் எஸ்ஐபி, பிஆர்ஐ (ஒரே கம்பியில் பல அழைப்பு போகிற டிஜிட்டல் லைன்) லைனில் விளம்பர அழைப்பு செய்கிறவர்களின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து, இரண்டு வருடம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. விளம்பர அழைப்புக்கு 140-இல் தொடங்கும் எண் என்று தனியாகவே இருக்கிறது. லைன் போனால் அந்த ஆள் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார்.

சந்தேகி | புதன், மதியம் 12:40

நான் வாதத்துக்காகவே கேட்கிறேன். இவ்வளவு தலைவலி எதற்கு? கிளவுட் டெலிபோனி என்று பெங்களூர் கம்பெனிகள் மாத வாடகைக்குத் தருகிறார்களே. பெட்டி வேண்டாம், சர்ஜ் அரெஸ்டர் வேண்டாம், யுபிஎஸ் வேண்டாம். கோவை தம்பி அதற்கு ஏஜென்ட் ஆகிவிடலாமே?

சேலம்_சர்வீஸ் | புதன், மதியம் 1:15

நானும் யோசித்தேன், இரண்டையும் வைத்திருக்கிறேன். ஐந்தாறு பேர், எல்லாரும் வெளியே சுற்றுகிற ஆட்கள், மேசையே இல்லை என்றால் கிளவுட்தான் சரி. எஸ்ஐபி ட்ரங்க் கொடுக்கிற பெரிய ஆபரேட்டர்களுக்கு மூன்று லைன் வாடிக்கையாளர் மேல் ஆர்வமும் இருக்காது. ஆனால் மில், மருத்துவமனை, லாட்ஜ் போன்ற இடங்களில் அழைப்பில் பாதிக்கு மேல் உள்ளுக்குள்ளேயே நடக்கும். குடோனிலிருந்து ஆபீசுக்கு, வார்டிலிருந்து மருந்துக் கடைக்கு. அதற்கு பெங்களூர் போய்த் திரும்பி வர வேண்டுமா?

லாட்ஜ் என்றதும் நினைவு வந்தது. அறைகளில் இருக்கிற பழைய போனையும் கேபிளையும் பிடுங்கிவிட்டு ஐபி போன் போடச் சொல்லாதீர்கள். 24 போர்ட் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே (பழைய போன்களை ஐபி பிபிஎக்ஸோடு இணைக்கிற பெட்டி) ஒன்றை வைத்துப் பழைய போன்களை அப்படியே அதில் ஏற்றிவிடுங்கள். ரிசப்ஷனில் மட்டும் ஐபி போன். கொட்டேஷன் பாதியாகும். பானாசோனிக் பிபிஎக்ஸ் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டதால் பழைய பெட்டிக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு தேடி அலைகிற லாட்ஜ்கள் ஏராளம். அவர்கள்தான் உங்கள் முதல் பட்டியல்.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | புதன், இரவு 9:30

கோவை தம்பி, அந்தப் பம்ப் உதிரிபாகக்காரரிடம் மறுபடி போங்கள். வசதி எதையும் காட்டாதீர்கள். உங்கள் டெமோ பெட்டியில் இரண்டு எஃப்எக்ஸ்ஓ, இரண்டு எஃப்எக்ஸ்எஸ் இருக்கும் இல்லையா? அவருடைய இரண்டு லேண்ட்லைனையும் உங்கள் பெட்டிக்குள் விட்டு, உங்கள் பெட்டியிலிருந்து எஃப்எக்ஸ்எஸ் வழியாக அவருடைய பழைய இபிஏபிஎக்ஸுக்குக் கொடுங்கள். நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதே பழைய பெட்டிக்குத் தெரியாது. ஆபீசில் யாருக்கும் எதுவும் மாறாது. காலர் ஐடி மட்டும் லைனில் திறந்திருக்க வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். ரெக்கார்டிங்கை அணைத்து வையுங்கள், எண்ணிக்கை மட்டும் போதும். ஒரு வாரம். பிறகு எடுக்காத அழைப்புகளை எண்ணும் நேரமும் போட்டு ஒரு தாளில் அச்சடித்து அவர் மேசையில் வையுங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

கோவை_கேபிள் | பதினேழு நாள் கழித்து, சனி, இரவு 8:30

இழையை மறக்கவில்லை. வேலையில் இருந்தேன்.

பீளமேட்டுக்காரரிடம் போய் ஒரு வாரம் பெட்டியை நடுவில் வைத்துவிட்டு வந்தேன். காசு வேண்டாம், எடுக்காத கால் எத்தனை என்று மட்டும் பார்க்கலாம் என்றேன். "எங்க ஆபீஸ்ல எல்லா போனும் எடுத்துடுவோம்ங்க" என்றார். ஆறு வேலை நாளில் எடுக்காதவை 37. பெரும்பாலும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள், அப்புறம் மாலை ஆறுக்கு மேல். தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கஷ்டமாக இருந்தது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார். ராஜ்கோட் டீலர் ஒருவருடைய எண், ஒரே நாளில் மூன்று முறை. "இவன் ஆர்டர வேற எடத்துல குடுத்துட்டான்னு நெனச்சேன்" என்றார். எஸ்ஐபி என்ற வார்த்தையை நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

ஆர்டர் வந்தது. பதினான்கு போன். அதில் ஐந்துதான் ஐபி, மீதி பழைய போன்களே கேட்வேயில். சாப்பாட்டு நேரத்தில் ரிசப்ஷனில் நாலு முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால் ஸ்டோர்ஸுக்குப் போகும், அங்கேயும் எடுக்காவிட்டால் மேனேஜர் மொபைலுக்கு. சுவிட்ச் நல்லதாகப் போட்டேன். எல்லாம் ஒரே யுபிஎஸ்ஸில். ஐஎஸ்டிக்குப் பூட்டு. ஏஎம்சியும் சேர்த்துத்தான் கையெழுத்து. ரெக்கார்டிங் வேண்டும் என்றார், பதிவாகிறது என்ற அறிவிப்பை முதலிலேயே பேச வைத்திருக்கிறேன்.

மாட்டின மறுநாளே ஒருபக்கக் குரல் வந்தது. ஏஎல்ஜியை அணைத்தேன், போய்விட்டது. பாக்கெட்_லாஸ் சார், உங்களுக்கு ஒரு பிரியாணி கடன்.

துபாய்க்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஒருவர் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

சந்தேகி | சனி, இரவு 8:55

37-ஆ? எங்கள் கடையிலும் ஒரு வாரம் அந்தப் பெட்டியை வைக்க முடியுமா? ஈரோடு. சும்மா பார்ப்பதற்குத்தான்.

திருப்பூர்_ஆபீஸ் | சனி, இரவு 9:10

வாழ்த்துகள் தம்பி. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அழைப்பை எப்படி மாற்றுவது என்று ஒரு சின்னத் தாளில் தமிழில் எழுதி ஒவ்வொரு போன் பக்கத்திலும் ஒட்டினீர்களா? எங்கள் ஆபீசில் அது இல்லாமல் முதல் மாதம் மாற்றப் போய்த் துண்டித்த அழைப்புகள்தான் அதிகம்.

கோவை_கேபிள் | சனி, இரவு 9:32

ஒட்டினேன் அக்கா, பதின்மூன்று போனில். முதலாளி மேசையில் மட்டும் கண்ணாடி அழுக்காகும் என்று வேண்டாம் என்றுவிட்டார். அவர் இன்னும் அந்தப் பட்டனை அழுத்தவில்லை. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "ஏப்பா ஸ்டோர்ஸ், இங்க வா, உனக்குத்தான்" என்று கத்துகிறார்.